220 நோயாளிகளின் மௌனம்: ஃப்ரான்ட்ஸ் ஃபனான் காலனியத்தைப் படித்தது எப்படி?

1954ஆம் ஆண்டு. அல்ஜீரியத் தலைநகர் அல்ஜியர்ஸுக்குப் பக்கத்தில் இருக்கிறது பிளிடா மனநல மருத்துவமனை. அங்கே ஒரே டாக்டரின் பொறுப்பில் இரண்டு பிரிவுகள். ஒன்றில் 165 ஐரோப்பியப் பெண்கள், இன்னொன்றில் 220 அல்ஜீரிய முஸ்லிம் ஆண்கள். இரண்டு பிரிவிலும் ஒரே மாதிரியான புதுச் சிகிச்சை தொடங்கப்பட்டது. வாரம்தோறும் கூட்டம், நோயாளிகளே நடத்தும் பத்திரிகை, கைவேலை, பாட்டு, சினிமா.

பெண்கள் பிரிவில் சில வாரங்களிலேயே களை கட்டியது. ஆண்கள் பிரிவில் ஒன்றுமே நடக்கவில்லை. கூட்டத்துக்குக் கூப்பிட்டால் வந்து உட்கார்ந்தார்கள், எதுவும் பேசாமல் எழுந்து போனார்கள். பத்திரிகைக்கு யாரும் எழுதவில்லை. மாதக்கணக்கில் இதே நிலைதான்.

முப்பது வயதுகூட ஆகாத அந்த டாக்டர் ஃப்ரான்ட்ஸ் ஃபனான். இன்று உலகப் பல்கலைக்கழகங்களில் காலனிய நீக்கச் சிந்தனை, சமூக நீதிக் கோட்பாடு என்று எந்தப் பாடத்தை எடுத்தாலும், முதல் சில வாரங்களுக்குள் வந்துவிடும் பெயர். மாணவர்களுக்கு அவர் பெரும்பாலும் வன்முறையை ஆதரித்த புரட்சிக்காரராகத்தான் அறிமுகமாகிறார். அது பாதிக் கதைதான். மீதிக் கதை அந்த ஆண்கள் பிரிவின் மௌனத்தில் இருக்கிறது. அங்கே போவதற்கு முன், அவர் எங்கிருந்து வந்தார் என்று பார்த்துவிடலாம்.

டார்ஜானுக்குக் கைதட்டிய சிறுவன்

கரீபியன் கடலில் இருக்கும் சின்னத் தீவு மார்டினிக். பதினேழாம் நூற்றாண்டிலிருந்து பிரான்ஸின் கையில் இருக்கிறது. கரும்புத் தோட்டங்களுக்காக ஆப்பிரிக்காவிலிருந்து கப்பல் கப்பலாக அடிமைகள் கொண்டுவரப்பட்ட இடம். அடிமை முறை ஒழிந்தது 1848இல். அதற்கு 77 ஆண்டுகள் கழித்து, 1925 ஜூலை 20 அன்று, ஃபோர்-த-ஃப்ரான்ஸ் நகரில் ஃபனான் பிறந்தார். அப்பாவுக்குச் சுங்கத் துறையில் வேலை, அம்மா கடை வைத்திருந்தார். வீட்டில் எட்டுப் பிள்ளைகள். வறுமை இல்லை. அந்தத் தீவின் கணக்கில் கௌரவமான நடுத்தரக் குடும்பம்.

கௌரவத்துக்கு ஒரு விலை இருந்தது. தெருவில் பேசுவது கிரியோல் மொழி. வீட்டில் பிள்ளை அதைப் பேசினால் திட்டு விழும், சுத்தமான பிரெஞ்சுதான் வர வேண்டும். பள்ளியில் வரலாற்றுப் பாடம் கால் இனத்தவரிடமிருந்து தொடங்கும். ஆப்பிரிக்க அடிமைகளின் பேரப் பிள்ளைகள், பழைய ஐரோப்பியப் பழங்குடி ஒன்றைத் தங்கள் மூதாதையர் என்று மனப்பாடம் செய்தார்கள். டார்ஜான் படம் ஓடினால் கறுப்பினச் சிறுவர்களும் டார்ஜான் பக்கம்தான். ஆப்பிரிக்கர் என்றால் வேறு யாரோ. அதே படத்தை ஐரோப்பாவில் வெள்ளையர்களுக்கு நடுவே உட்கார்ந்து பார்த்தால் என்ன ஆகும் என்பதைப் பின்னாளில் ஃபனானே எழுதினார். திரையில் ஓடும் கறுப்பர்களோடு சேர்த்துத் தன்னையும் அரங்கம் பார்க்கிறது என்பது அப்போதுதான் உறைக்கும்.

அவர் படித்த ஷோல்ஷே உயர்நிலைப் பள்ளிக்கு 1939இல் ஆசிரியராக வந்தவர் கவிஞர் எய்மே செஸேர். கறுப்பாக இருப்பது வெட்கப்பட வேண்டிய விஷயம் இல்லை என்று வெளிப்படையாகச் சொன்ன ஆள். இன்றைக்கு இது சாதாரணமாகத் தெரியலாம். அன்றைய மார்டினிக்கில், அதுவும் படித்த ஒருவர் வாயிலிருந்து வந்தபோது, பலருக்கும் அது தூக்கிவாரிப் போட்ட பேச்சு.

பதக்கம் கொடுத்த கர்னல்

1940இல் ஹிட்லரிடம் பிரான்ஸ் விழுந்தது. நாஜிகளுக்கு இணங்கிப்போன விஷி அரசின் கடற்படை மார்டினிக்கில் வந்து தங்கியது. அதுவரை தங்களைப் பிரெஞ்சுக்காரர்கள் என்றே நம்பியிருந்த தீவு மக்கள், அந்தச் சிப்பாய்களின் நடத்தையில் இனவெறியை நேருக்கு நேர் பார்த்தார்கள். ஆனாலும் ஃபனானுக்கு பிரான்ஸ் மீது இருந்த நம்பிக்கை போகவில்லை. வெள்ளைக்காரன் சண்டை நமக்கெதற்கு என்று ஊரில் சொன்னவர்கள் உண்டு. அவர் கேட்கவில்லை. 1943இல், பதினேழு வயதில், விடுதலை பிரான்ஸ் படையில் சேரப் படகேறிப் பக்கத்துத் தீவான டொமினிக்காவுக்குப் போனார்.

அடுத்த ஆண்டு கப்பல் அவரை வட ஆப்பிரிக்கா வழியாக பிரான்ஸுக்குக் கொண்டு சேர்த்தது. ராணுவத்துக்குள் ஒரு படிநிலை இருந்தது. மேலே வெள்ளைச் சிப்பாய்கள், நடுவில் கரீபியர்கள், கீழே செனகல்காரர்களும் வட ஆப்பிரிக்கர்களும். சாப்பாடு, சீருடை, தங்குமிடம் எல்லாமே அதன்படிதான். 1944 நவம்பரில் பனிக்குளிரில் நடந்த சண்டையில் குண்டுச் சிதறல் பட்டுக் காயமடைந்தார். வீரப் பதக்கம் கிடைத்தது. பரிந்துரையில் கையெழுத்திட்ட கர்னலின் பெயர் ரவூல் சலான். பின்னாளில் அல்ஜீரியாவில் பிரெஞ்சுப் படைக்குத் தலைமை தாங்கி, கடைசியில் விடுதலையைத் தடுக்கப் பயங்கரவாத இயக்கம் நடத்திய அதே சலான். சினிமாக் கதையில் வைத்தால் நம்பமாட்டோம்.

போர் முடியும் தறுவாயில் பெற்றோருக்கு எழுதிய கடிதத்தில், தான் எதற்காகக் கிளம்பி வந்தேனோ அது பொய்யாகிவிட்டது என்ற பொருளில் எழுதினார். அவருக்கு அப்போது பத்தொன்பது வயது.

வலிக்கிறது என்றால் யார் நம்புவார்கள்?

முன்னாள் போர்வீரர் என்பதால் உதவித்தொகை கிடைத்தது. பாரிஸில் பல் மருத்துவம் படிக்கப் போய், பிடிக்காமல் விட்டுவிட்டு, லியோன் நகரில் மருத்துவம் சேர்ந்தார். பிறகு மனநல மருத்துவம். அங்கேதான், தெருவில் அவரைப் பார்த்த ஒரு வெள்ளைக் குழந்தை பயந்து அம்மாவிடம் ஒண்டிக்கொள்ளும் அந்தக் காட்சி. அவர் எழுதியதிலேயே அதிகம் பேசப்படும் பக்கங்கள் அதைப் பற்றியவை. படிப்பு, பதக்கம், பிரெஞ்சு உச்சரிப்பு எதுவும் அந்த நொடியில் உதவவில்லை. குழந்தை பார்த்தது தோலை மட்டும்.

இதையெல்லாம் மருத்துவ ஆய்வேடாகச் சமர்ப்பிக்கத்தான் நினைத்தார். துறையில் ஏற்க மறுத்துவிட்டார்கள். சரி என்று நரம்பியல் நோய் ஒன்றைப் பற்றி வேறொரு ஆய்வேட்டை எழுதிப் பட்டம் வாங்கினார். ஒதுக்கப்பட்ட எழுத்து 1952இல் 'கறுப்புத் தோல், வெள்ளை முகமூடிகள்' என்ற புத்தகமாக வந்தது. அவருக்குத் தட்டச்சு வராது. அறைக்குள் நடந்துகொண்டே சொல்லச் சொல்ல எழுதியவர், அந்த ஆண்டு அவரைத் திருமணம் செய்துகொண்ட ஜோசி.

புத்தகத்தின் வாதத்தை இப்படிச் சொல்லலாம். தாழ்வு மனப்பான்மை ஒருவருக்குள் தானாக முளைப்பதில்லை. அடிமை முறையும் காலனியமும் அதை உற்பத்தி செய்து, தோலுக்கு அடியில் செலுத்துகின்றன. ஆகவே நோயாளியை மட்டும் உட்காரவைத்து ஆலோசனை சொன்னால் போதாது, நோயைத் தயாரிக்கும் இடத்துக்கும் சிகிச்சை தேவை.

அதே ஆண்டு ஒரு கட்டுரையும் எழுதினார். லியோனில் கூலி வேலை செய்த அல்ஜீரியர்கள் உடம்பெல்லாம் வலி என்று மருத்துவமனைக்கு வருவார்கள். பரிசோதனையில் எதுவும் தெரியாது. நடிக்கிறான், சோம்பேறி என்று டாக்டர்கள் முடிவு கட்டுவார்கள். அதற்கு 'வட ஆப்பிரிக்க நோய்' என்று கேலியாக ஒரு பெயரும் உண்டு. ஃபனான் கேள்வியைத் திருப்பிப் போட்டார். குடும்பம் கடலுக்கு அப்பால், தங்க அறை இல்லை, பார்ப்பவர்கள் எல்லாம் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள். இப்படி வாழும் ஒருவருக்கு வலி இல்லாமல் இருந்தால்தானே ஆச்சரியம்? இனவெறி வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டும் வரும் என்று அன்று சொன்ன மருத்துவர்கள் குறைவு.

அடுத்து, பிரான்ஸின் தென்பகுதியில் உள்ள செயின்ட்-ஆல்பன் மருத்துவமனையில் பயிற்சி. அங்கே அவருக்குக் குருவாக அமைந்தவர், ஸ்பெயின் சர்வாதிகாரி பிராங்கோவிடமிருந்து தப்பி வந்த ஃபிரான்செஸ்க் டொஸ்கியேஸ். அவருடைய கொள்கை எளிமையானது. முதலில் மருத்துவமனைக்கே வைத்தியம் பார்க்க வேண்டும். பூட்டு, கம்பி, அதட்டல் இருக்கும் இடத்தில் யாரும் குணமாக மாட்டார்கள். நோயாளிகளும் ஊழியர்களும் சேர்ந்து கூட்டம் நடத்தட்டும், பத்திரிகை போடட்டும், வேலை செய்யட்டும். இதைக் கற்றுக்கொண்ட கையோடுதான் 1953 நவம்பரில் ஃபனான் பிளிடாவுக்கு வந்தார்.

மௌனத்துக்குக் காரணம் யார்?

வந்தவுடனேயே நோயாளிகளின் சங்கிலிகளை அவிழ்த்தார் என்று ஒரு கதை உலவுகிறது. சினிமாவுக்கு நல்ல காட்சி. ஆனால் அங்கே நடந்தது அதைவிட மெதுவானது, அதைவிட முக்கியமானது.

அன்றைய அல்ஜீரியாவில் மனநல மருத்துவம் என்றால் அந்துவான் பொரோ என்ற பேராசிரியரின் பள்ளிதான். அல்ஜீரியர்களுக்கு மூளையின் மேற்பகுதி சரியாக வேலை செய்யாது, அதனால் அவர்கள் பிறவியிலேயே முரடர்கள், பொய்யர்கள் என்பது அங்கே பாடம். அதுவும் அறிவியல் என்ற பெயரில். ஆண்கள் பிரிவின் மௌனத்தை அந்தப் பள்ளியில் படித்த யாரிடம் காட்டியிருந்தாலும் பதில் தயாராக இருந்திருக்கும்: இவர்களால் இவ்வளவுதான் முடியும்.

ஃபனானும் அவரோடு பணியாற்றிய இளம் மருத்துவர் ஜாக் அஸூலேயும் வேறு இடத்தில் தேடினார்கள். பத்திரிகைக்கு ஏன் எழுதவில்லை? பெரும்பாலானவர்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கூட்டத்தில் ஏன் பேசவில்லை? டாக்டருக்கு அரபியும் தெரியாது, கபில் மொழியும் தெரியாது. மொழிபெயர்ப்பாளர் வைத்துத்தான் பேச்சு. அந்த விவசாயிகள் அதுவரை மொழிபெயர்ப்பாளரைப் பார்த்த இடங்கள் அரசு அலுவலகமும் நீதிமன்றமும். மொழிபெயர்ப்பாளர் வந்தாலே ஏதோ வம்பு என்றுதான் அர்த்தம். கூடை முடையச் சொன்னால் ஏன் செய்யவில்லை? அதை ஆண் பிள்ளையின் வேலையாக அவர்கள் ஊரில் யாரும் நினைத்ததில்லை. அதே ஆட்கள் கையில் மண்வெட்டியைக் கொடுத்தால், யாரும் சொல்லாமலே தோட்டத்தில் இறங்கினார்கள். பாட்டு, கொண்டாட்டம், விளையாட்டு எல்லாமே பிரான்ஸிலிருந்து பெட்டி கட்டி வந்தவை.

ஆக, நோயாளிகள் சரியாகத்தான் இருந்தார்கள். சிகிச்சைதான் வெளியூர்க்காரனாக இருந்தது.

இருவரும் கிராமங்களுக்குப் போனார்கள். அங்கே மனநோயை மக்கள் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள், ஜின் பிடித்தவரை எப்படி நடத்துகிறார்கள், யாரிடம் அழைத்துப் போகிறார்கள் என்று கேட்டறிந்தார்கள். பைத்தியம் என்று ஊர் ஒருவரை ஒதுக்கிவிடுவதில்லை, பிடித்த ஜின்னைத்தான் குற்றம் சொல்கிறது என்பது அவர்களுக்குப் புதுச் செய்தி. திரும்பி வந்து வார்டை மாற்றினார்கள். ஊரில் ஆண்கள் கூடுவது போன்ற ஒரு காபிக் கடை உள்ளேயே வந்தது. தொழுகைக்கு ஏற்பாடு, முஸ்லிம் பண்டிகைகள், ஊர் ஊராகப் போய்க் கதை சொல்லும் கலைஞர்கள். கால்பந்து மைதானம் ஒன்றையும் நோயாளிகளே உழைத்து உருவாக்கினார்கள். மௌனம் மெல்லக் கலைந்தது.

இதில் கவனிக்க வேண்டியது, 1954இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை. வெற்றியைப் பற்றி மட்டும் எழுதிவிட்டுப் போயிருக்கலாம். மாறாக, தோற்றதை விரிவாக எழுதினார்கள். பிரெஞ்சு வாழ்க்கைதான் உலகத்தின் வாழ்க்கை, மற்றவர்கள் அதற்கு ஏற்ப நகர்ந்து வர வேண்டும் என்று தாங்களும் அறியாமலே நம்பியதை ஒப்புக்கொண்டார்கள். எழுதியவர்களில் ஒருவர் கறுப்பர், காலனியத்தைப் பற்றிப் புத்தகமே போட்டவர். அவருடைய பைக்குள்ளும் ஆள்பவரின் அளவுகோல் இருந்திருக்கிறது. காலனிய நீக்கம் என்ற கனமான சொல்லை மாணவர்களுக்கு விளக்க இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

இரண்டு ஆண்டுகள் கழித்து இன்னொரு சோதனை. படம் காட்டிக் கதை சொல்லவைக்கும் உளவியல் பரிசோதனை ஒன்று உண்டு. முஸ்லிம் பெண்களிடம் அந்தப் படங்களைக் காட்டினால் கதையே வரவில்லை. கற்பனை வறட்சி என்று எழுதிவிடுவது சுலபம். ஆனால் படங்களில் இருந்த வீடு, உடை, மனிதர்கள் எல்லாம் மேற்கத்திய உலகத்தைச் சேர்ந்தவை. அவர்களுக்கு அதில் நுழைய வாசலே இல்லை என்றார்கள் ஃபனானும் சார்ல் ஜெரோனிமியும்.

இரண்டு பக்க நோயாளிகள்

1954 நவம்பர் 1 அன்று அல்ஜீரிய விடுதலைப் போர் தொடங்கியது. கொஞ்ச நாளில் ஃபனானின் அறைக்கு இரண்டு வகையான ஆட்கள் வரத் தொடங்கினார்கள். பகலில் அரசு மருத்துவராகப் போலீஸ்காரர்களைப் பார்த்தார். ரகசியமாக, சித்திரவதைக்கு உள்ளானவர்களையும் போராளிகளையும் பார்த்தார். அதில் ஒரு போலீஸ் அதிகாரி, நாள் முழுக்கக் கைதிகளை அடித்துவிட்டு வீட்டுக்குப் போய் மனைவியையும் குழந்தைகளையும் அடிப்பவர். அவர் கேட்ட உதவி விசித்திரமானது. வேலையை விட மாட்டார், மனசு உறுத்தாமல் அந்த வேலையைச் செய்ய மருந்து வேண்டும்.

ஒரு கட்டத்துக்கு மேல் ஃபனானால் தொடர முடியவில்லை. மனிதன் தன் சூழலில் அந்நியனாக உணராமல் இருக்க உதவுவதுதான் மனநல மருத்துவம் என்றால், சொந்த மண்ணிலேயே அந்நியனாக்கப்பட்டவனுக்கு என்ன சிகிச்சை கொடுப்பது? இந்தக் கேள்வியோடு 1956 கடைசியில் ராஜினாமா கடிதம் அனுப்பினார். பதிலாக வந்தது நாடு கடத்தும் உத்தரவு.

துனிஸ் நகருக்குப் போனார். விடுதலை முன்னணியின் பத்திரிகையான 'எல் முஜாஹித்'தில் எழுதினார். கூடவே மருத்துவத்தையும் விடவில்லை. நோயாளிகள் காலையில் வந்து மாலையில் வீட்டுக்குப் போகும் பகல்நேர மனநலப் பிரிவைத் தொடங்கினார். ஆப்பிரிக்காவுக்கு அது புதுசு.

1959இல் வந்த அவரது இரண்டாவது புத்தகத்தில் வானொலி பற்றி ஓர் அத்தியாயம் உண்டு. போருக்கு முன் அல்ஜீரியக் குடும்பங்களில் வசதி இருந்தவர்கள்கூட ரேடியோ வாங்க ஆர்வம் காட்டவில்லை. அது பிரெஞ்சுக்காரன் பிரெஞ்சுக்காரனோடு பேசும் பெட்டி. 1956 கடைசியில் விடுதலை முன்னணியின் ஒலிபரப்பு தொடங்கியதும் கடைகளில் இருந்த ரேடியோக்கள் காலி. பிரெஞ்சு ராணுவம் அலைவரிசையைக் குழப்பியது. ஊரே கூடி உட்கார்ந்திருக்கும், ஒருவர் காதை ரேடியோவில் ஒட்டிவைத்து, இரைச்சலுக்கு நடுவே பிடிபட்ட நாலு சொல்லை மற்றவர்களுக்குச் சொல்வார், பிடிபடாததை எல்லோருமாக நிரப்பிக்கொள்வார்கள். செய்தியைக் கேட்பவர்களே அதை உருவாக்கவும் செய்தார்கள் என்று ஃபனான் பார்த்தது, ஃபார்வர்டு மெசேஜ் காலத்தில் படிக்கும்போது வேறு மாதிரியும் உறைக்கிறது.

இங்கே அவரைப் பற்றி ஒரு சங்கடமான விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். 1957 டிசம்பரில் விடுதலை முன்னணியின் முக்கியத் தலைவர் அபான் ரம்தானைச் சொந்தத் தோழர்களே கொன்றார்கள். போரில் வீர மரணம் என்று எல் முஜாஹித் செய்தி போட்டது. அபான், ஃபனானுக்கு நெருக்கமானவர். ஃபனான் வெளியில் வாய் திறக்கவில்லை. அடக்குமுறையின் மௌனத்தை அவ்வளவு நுட்பமாகப் படித்தவரின் சொந்த மௌனம் அது.

கடைசிப் புத்தகம்

1960இல் கானாவுக்கு அல்ஜீரியத் தற்காலிக அரசின் தூதரானார். அந்த ஒரே ஆண்டில் 17 ஆப்பிரிக்க நாடுகள் விடுதலை பெற்றன. எங்கும் கொண்டாட்டம். ஃபனான் மாலி பாலைவனம் வழியாக ஆயுதம் கடத்தப் பாதை தேடிப் போய்விட்டுத் திரும்பியபோது உடம்பு ரொம்பவே மெலிந்திருந்தது. பரிசோதனையில் ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது.

மாஸ்கோவில் சிகிச்சை பெற்றுத் திரும்பி, 1961இல் சில மாதங்களுக்குள் சொல்லி எழுதவைத்ததுதான் 'மண்ணின் சபிக்கப்பட்டவர்கள்'. முன்னுரை எழுதியவர் தத்துவஞானி ழான் பால் சார்த்தர். அந்த முன்னுரை வன்முறையை ஃபனானைவிட உரக்கப் பேசியது. பலரும் அதையும் முதல் அத்தியாயத்தையும் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிட்டார்கள். அவருடைய கெட்ட பெயரில் பாதி அங்கிருந்து வந்தது. மீதிப் பாதிக்கு அவரே பொறுப்பு. துப்பாக்கிதான் காலனியத்தை நிறுத்திவைத்திருக்கிறது, எதிர்த்து எழும் வன்முறை அடிமை மனத்தை உடைக்கும் என்று அவர் எழுதியது உண்மை.

ஆனால் புத்தகம் அதோடு முடியவில்லை. மூன்றாவது அத்தியாயம் விடுதலைக்குப் பிறகு என்ன ஆகும் என்பதைப் பற்றியது. உள்ளூர் நடுத்தர வர்க்கம் வெள்ளையரின் பங்களாவிலும் நாற்காலியிலும் போய் உட்காரும், தலைவர் சிலையாவார், கட்சி ஒன்றே ஒன்றாகும், பழைய இனப் பகை மறுபடி தலைதூக்கும் என்று எச்சரித்தார். கொடியேற்றிய ஈரம் காயாத நேரத்தில் எழுதப்பட்டது இது.

கடைசிப் பெரிய அத்தியாயம் பிளிடாவிலும் துனிஸிலும் பார்த்த நோயாளிகளைப் பற்றிய குறிப்புகள். கூடவே விளையாடிய ஐரோப்பிய நண்பனைக் கொன்ற 13, 14 வயதுச் சிறுவர்கள் அதில் உண்டு. அந்தப் போலீஸ்காரர் உண்டு. வைத்த வெடிகுண்டில் பத்துப் பேர் இறந்துபோக, ஒவ்வொரு ஆண்டும் அந்தத் தேதி நெருங்கும்போது தூக்கம் தொலைக்கும் விடுதலைப் போராளியும் உண்டு. வன்முறை விடுவிக்கும் என்று முதல் அத்தியாயத்தில் எழுதியவர், அது இரண்டு பக்கமும் மனிதர்களை எப்படி உடைக்கிறது என்று அதே புத்தகத்தில் பதிவு செய்தார். இந்த முரண்பாட்டை அவர் தீர்த்துவைக்கவில்லை. தீர்த்துவிட்டதாகப் பாவனையும் செய்யவில்லை.

அவர் கணிப்பு எல்லாமே பலித்தது என்றும் சொல்ல முடியாது. போரில் பங்கெடுத்த அல்ஜீரியப் பெண்கள் பழையபடி வீட்டுக்குள் போகமாட்டார்கள் என்று உறுதியாக நம்பினார். 1984இல் சுதந்திர அல்ஜீரியா கொண்டுவந்த குடும்பச் சட்டம், திருமணத்துக்குக்கூடப் பெண்ணுக்கு ஆண் காப்பாளர் வேண்டும் என்றது.

1961 அக்டோபரில் சிகிச்சைக்காக அமெரிக்கா போனார். போக மனமில்லைதான், வேறு வழி இருக்கவில்லை. பயணத்துக்கு உதவியது சிஐஏ என்பது இன்னொரு விசித்திரம். வாஷிங்டன் அருகே பெதஸ்டா மருத்துவமனையில் இப்ராஹிம் ஃபனான் என்ற பெயரில் சேர்க்கப்பட்டார். புத்தகம் அச்சாகிக் கையில் வந்ததைப் பார்த்துவிட்டு டிசம்பர் 6 அன்று இறந்தார். வயது 36. உடலைத் துனிசியாவுக்குக் கொண்டுவந்து, போர் நடந்துகொண்டிருந்தபோதே எல்லை தாண்டி எடுத்துப்போய், அவர் விரும்பியபடி அல்ஜீரிய மண்ணில் புதைத்தார்கள். ஏழு மாதங்களில் அந்த நாடு விடுதலை பெற்றது.

சில ஆண்டுகள் கழித்து, சிலியில் அகதியாக இருந்த பிரேசில் கல்வியாளர் பாவ்லோ ஃபிரெய்ரேவிடம் ஓர் இளைஞர் இந்தப் புத்தகத்தைக் கொடுத்தார். ஃபிரெய்ரே அப்போது 'ஒடுக்கப்பட்டோருக்கான கல்விமுறை'யைக் கிட்டத்தட்ட எழுதி முடித்திருந்தார். படித்த பிறகு தன் புத்தகத்தை மறுபடி எழுத உட்கார்ந்தார். தென்னாப்பிரிக்காவில் ஸ்டீவ் பைக்கோவும் அவரது மாணவர் இயக்கமும் ஃபனானைப் படித்தார்கள், அமெரிக்காவில் கருஞ்சிறுத்தைகள் படித்தார்கள். ஜோசி அல்ஜியர்ஸிலேயே தங்கிவிட்டார். 1967 அரபு-இஸ்ரேல் போரில் சார்த்தர் எடுத்த நிலைப்பாட்டை ஏற்க முடியாமல், அந்தப் பிரபல முன்னுரையைப் புத்தகத்திலிருந்து எடுத்துவிடச் சொன்னவரும் அவர்தான்.

பிளிடா மருத்துவமனை இன்றும் இயங்குகிறது, ஃபனானின் பெயரில்.